பில்யானா எதை எடுத்தாள்

விதின்,
செவ்வாய்க்கிழமை மதியம்.

அன்புள்ள நெவேனாவுக்கு,

நானும் குழந்தையும் நலமாகத்தான் இருக்கிறோம். அந்தத் 'தான்' எதற்கு என்று நீ உடனே கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவனுக்குத் திடீரென்று கடிதம் எழுத என்ன வந்தது என்றும் நினைப்பாய். போனில் என்னால் முடியவில்லை. உன் முகம் தெரிந்ததும் எனக்குப் பொய் வந்துவிடுகிறது. பக்கத்து அறையிலிருந்து நீ பார்த்துக்கொள்ளும் எர்மீனியா அம்மாள் கூப்பிடுவாள், நீ பாதியில் எழுந்து போவாய், நீ திரும்பி வருவதற்குள் நான் சொல்ல வந்ததை மாற்றி வைத்திருப்பேன். தாளில் எழுதிவிட்டால் மாற்ற முடியாது. இங்கும் அங்கும் ஆளும் பெட்டியும் ஏற்றிப் போகிற மெத்தோதி இன்று சாயங்காலம் வேனை எடுக்கிறான். வியாழக்கிழமை காலையில் உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை எர்மீனியா அம்மாளின் மகன் ஒப்பந்தத் தாளோடு வருகிறான், இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டாய். "உன் இஷ்டம்" என்றேன். நல்ல புருஷன் சொல்கிற பதில் மாதிரி இருந்தது. உண்மையில் அது கோழையின் பதில். போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, போடாதே என்று சொல்ல வழி தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் நீ நர்ஸாக இருந்த வார்டைப் பூட்டியவர்கள் இனித் திறக்கப் போவதில்லை. என் ஒருவன் சம்பளத்தில் மூன்று பேர் ஒரு குளிர்காலத்தைத் தாண்ட முடியாது என்பதை நான் எழுதித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

ஆனால் அதே பேச்சில் நீ இன்னொன்றும் சொன்னாய். "புத்தகத்தை எடுத்தாள்னா படிப்பு வரும், கமென். இவளையாவது நல்லா படிக்க வைக்கணும். அதுக்காக இன்னும் ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடறேன்" என்றாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சடங்கில் பில்யானா புத்தகத்தை எடுக்கவில்லை, நெவேனா. நான் சொன்னது பொய். அந்தப் பொய்யை நம்பி நீ கையெழுத்துப் போடக்கூடாது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். சடங்கு நடந்த அன்றுதான் அவள் முதல் அடி வைத்தாள் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? அதுவும் பொய். அதற்கு மூன்று வாரம் முன்பே நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஈஸ்டருக்கு வருவேன் என்று நீ சொல்லியிருந்தாய். முதல் அடியை நீ பார்க்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். அதனால் அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் பிடித்து உட்கார வைத்துவிடுவேன். மறுபடி எழுவாள், மறுபடி உட்கார வைப்பேன். உலகத்திலேயே பெற்ற பிள்ளையை நடக்கவிடாமல் காவல் காத்த அப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்புறம் எர்மீனியா அம்மாள் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள், நீ வரவில்லை. உன்மேல் கோபம் இல்லை. அந்த அம்மாள்மேல் கொஞ்சம் இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

என் அக்கா ரும்யானா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, நான் குழந்தையை உட்கார வைப்பதைப் பார்த்துவிட்டாள். "டேய், பிள்ளைய உட்கார வச்சே கல்யாணம் பண்ணிக் கொடுக்கப் போறியா? நடந்த பிள்ளைக்குச் சடங்கு செய்யாம விட்டா காலெல்லாம் தடுக்கி விழும்டா" என்று ஒரே சத்தம். நீ வரட்டும் என்றேன். "அவ வர்றதுக்குள்ள இவ ஓடவே ஆரம்பிச்சிடுவா" என்றாள். அன்றைக்கே சனிக்கிழமை சாயங்காலம் என்று நாள் குறித்துவிட்டாள்.

வெள்ளைத் துணியை விரித்து, ரொட்டியை உருட்டி, மேசையில் சாமான்களைப் பரப்பி, நடந்து வரும் குழந்தை எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் தொழில் என்று சொல்கிற இந்தப் பழக்கத்தை முதலில் யார் ஆரம்பித்தார்களோ, அவர்கள் என்ன தொழில் பார்த்தார்களோ. மேசையில் எதை வைப்பது என்று முந்தின நாள் முழுக்க யோசித்தேன். எதை எடுத்தாலும் பயமாக இருந்தது. கத்தரிக்கோல் மட்டும் வேண்டாம் என்று நீ கண்டிப்பாகச் சொல்லியிருந்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீ கத்தரிக்கோலை எடுத்தவள், ஆபரேஷன் செய்யப் போகிறவள் என்று உன் அப்பா சாகிற வரைக்கும் உன்னை "டாக்டரம்மா" என்றே கூப்பிட்டார். எர்மீனியா அம்மாளின் கால் நகத்தை வெட்டிக்கொண்டே, "பாத்தியா, கத்தரிக்கோல் பலிச்சிடுச்சு" என்று நீ ஒருநாள் போனில் சிரித்தாய்.

என் கதை உனக்குத் தெரியும். நான் எடுத்தது விசில். ஆற்றங்கரையில் குடியிருக்கிற பிள்ளை விசிலை எடுத்தால் வேறென்ன, கப்பல் கேப்டன்தான் என்று எல்லோருக்கும் தலைகால் புரியவில்லையாம். பத்து வயது வரைக்கும் நான் அதை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் கரையில் போய் நிற்பேன். லாரிகளை ஏற்றிக்கொண்டு ருமேனியாக் கரைக்குப் போகும் அந்தப் படகுக்கு நான்தான் அடுத்த கேப்டன் என்று, அப்போதிருந்த கேப்டனையே கொஞ்சம் இரக்கத்தோடு பார்ப்பேன், பாவம், வேலை போகப் போகிறதே என்று. பாலம் வந்தது, படகு நின்றது. இப்போது அந்தப் பாலத்து டோல்கேட்டில் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். தப்பான வரிசையில் வரும் லாரியைப் பார்த்து விசில் அடிக்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் ஆற்றுக்கு மேலேதான் இருக்கிறேன், ஆறு கண்ணில் படுவதே இல்லை, லாரி மறைக்கிறது. அக்கா பார்க்கும்போதெல்லாம் "என்ன கேப்டன், பாலம் மூழ்கலையே?" என்று கேட்கிறாள். அவள் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்தவள், நடிகையாக வேண்டியவள். இருபது வருஷமாக அழகு நிலையத்தில் நின்று, கண்ணாடியில் அடுத்தவர் தலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதைச் சொன்னால் மட்டும் கோபம் வரும்.

இதெல்லாம் தெரிந்தும் மேசையை நிரப்பினோம். அக்கா கம்ப்யூட்டர் மவுஸ் ஒன்று கொண்டுவந்து, குழந்தைக்கு நேராக நடுவில் வைத்தாள். தலைநகர் சோஃபியாவில் கம்ப்யூட்டர் வேலைக்குத்தான் இப்போது மவுசு என்று அவளுக்கே அவள் சொன்னது பிடித்துப்போய் இரண்டு தடவை சொன்னாள். மாடி வீட்டு கோஸ்தா பெரியவர் ஒரு தெர்மாமீட்டர் வைத்தார். கரண்டி, பேனா, புத்தகம், சின்னச் சுத்தியல். அக்கா சுட்ட ரொட்டியை நான் துணிமேல் உருட்டிவிட்டேன். அது நேராகப் போகாமல் அலமாரிக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. "கேப்டன் ஓட்டினா இப்படித்தான்" என்றாள் அக்கா. பெரியவர் தரையில் குப்புறப்படுத்து, ஊன்றுகோலை விட்டு அதை வெளியே எடுத்தார். வெகுநாளைக்குப் பிறகு நம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

பில்யானா துணிமேல் நின்றாள். நீ அனுப்பிய மஞ்சள் கவுன். நான்கு அடி எடுத்து வைத்து, மேசையைப் பார்த்து நேராக வந்தாள். சரியாக அந்த நேரத்தில் தெருவில் மெத்தோதியின் வேன் ஹாரன் அடித்தது. அவள் நின்றாள். அதற்கப்புறம் மேசையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அப்படியே திரும்பி, துணியை விட்டு இறங்கி, தள்ளாடிக்கொண்டே வாசற்கதவுக்குப் போய், இரண்டு கையையும் கதவில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நம் படிக்கட்டில் வெளிநாட்டுக்குப் போனவர்களின் ஐந்து வீடு பூட்டிக் கிடக்கிறது, நெவேனா. கதவைத் தொட்டால் என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கோஸ்தா பெரியவர்தான் கடைசியில், "சரி, இன்னொண்ணும் கிளம்பிடுச்சு" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார், அவருடைய மூன்று பிள்ளைகளும் வெளிநாட்டில். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அக்கா பாய்ந்து போய் அவளைத் தூக்கிக்கொண்டுவந்து, மேசை முன்னால் நிறுத்தி, "ஹாரன் சத்தத்துல பயந்துடுச்சு, இது கணக்கில்ல" என்று சொல்லி, புத்தகத்தை எடுத்து அவள் கையில் திணித்தாள். நான் போட்டோ எடுத்தேன். நீ பார்த்த போட்டோ அதுதான். அடுத்த நிமிஷம் அவள் அதைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடியும் கதவுக்கே போனாள்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒரு சடங்கு, ஒரு ஹாரன் என்று விட்டிருப்பேன். கதவை நான்தான் திறந்தேன். மெத்தோதி நீ அனுப்பிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, வாசலில் வைத்துவிட்டு, கேக் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு போனான். பில்யானா அந்த அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கன்னத்தை அதன்மேல் வைத்து "அம்மா" என்றாள்.

அது முதல் தடவை இல்லை. இரண்டு மாதமாகச் சொல்கிறாள். ஏன் இன்னும் அம்மா என்று சொல்லவில்லை, யாரிடமாவது காட்டலாமா என்று நீ போனில் கேட்டுக்கொண்டே இருந்தாய். சில பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதமாக வரும் என்று நான் சமாளித்தேன். பேச்சு வந்துவிட்டது. போனில் உன் முகத்தைப் பார்த்தால் டிவி பார்ப்பதுபோல் பார்க்கிறாள், நீயே கவனித்திருப்பாய். பெட்டி வந்தால்தான் அம்மா என்கிறாள். தப்பு என்னுடையதுதான். முதல் பெட்டி வந்தபோது "பாரு, அம்மா வந்திருக்கா பாரு" என்று நான்தான் அவளுக்குக் காட்டினேன். உன் சால்வை உள்ளே இருந்தது, உன் வாசனை அடித்தது. என்னை அறியாமல் வந்துவிட்டது. அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். இப்போது காலிப் பெட்டியைத் தூக்கிப்போடக்கூட விடமாட்டேன் என்கிறாள். படுக்கையறையில் ஏழு பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு நீ அழுவாய் என்று தெரியும். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று யாராவது என்னிடம் சொன்னால் அடித்துவிடுவேன். கிழவியைத் தூக்கித் தூக்கி உன் முதுகு என்ன ஆகியிருக்கிறது என்பதை நீ மறைக்கிறாய், நான் இதை மறைத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை, நெவேனா. வந்தால் எப்படிப் பிழைப்பது என்று தெரியவில்லை. வராவிட்டால் இவளை எப்படி வளர்ப்பது என்று தெரியவில்லை. கூண்டில் உட்கார்ந்து யோசித்து யோசித்து, நேற்று ஒரு லாரியை அப்படியே விட்டுவிட்டேன், மேலதிகாரி திட்டினார். இவள் டாக்டராக வேண்டாம், கம்ப்யூட்டர்க்காரியாக வேண்டாம். பெரியவள் ஆனதும் என்ன ஆகப் போகிறாய் என்று யாராவது கேட்டால் ஏதாவது ஒரு வேலையின் பெயரைச் சொல்லட்டும், ஓர் ஊரின் பெயரைச் சொல்லாமல் இருந்தால் போதும் என்றாகிவிட்டது எனக்கு.

நீ கிளம்பியபோது அவள் ஆறு கிலோ. இப்போது பத்தரை. இந்த நாலரைக் கிலோவை நீ தூக்கவே இல்லை. ஒரு தடவை வந்து தூக்கிப் பார். அதற்கப்புறம் கையெழுத்துப் போடத்தான் வேண்டும் என்று நீ சொன்னால், பேனாவை நானே தேடி எடுத்துத் தருகிறேன். சனிக்கிழமை நீ அங்கே இல்லாவிட்டால் அவர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். வா என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இருந்திருந்தால், நீ கிளம்பிய அன்றைக்கே பேருந்து நிலையத்தில் போகாதே என்று சொல்லியிருப்பேன்.

மெத்தோதி வெள்ளிக்கிழமை காலை அங்கிருந்து திரும்புகிறான். முன் சீட்டை உனக்காக வைத்திருக்கச் சொன்னேன். "ஏழு மணி வரைக்கும் வச்சிருக்கேன் அண்ணே. அதுக்கு மேல யாரு பெட்டியாவது ஏத்திடுவேன், தப்பா நினைக்காதீங்க" என்றான்.

எர்மீனியா அம்மாளின் இடுப்பு சீக்கிரம் கூடட்டும். உன் முதுகு வலி தீரட்டும். நீ எங்கே இருந்தாலும் கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு மட்டும் அந்தச் சீட்டில் பெட்டி எதுவும் ஏறாமல் இருக்கட்டும்.

உன்
கமென்