சும்மா இருந்து பிடித்த இடுப்பு

வடிவு,

தோவாளைச் சந்தைக்குப் போகிறேன். பத்து மணிக்குள் வந்துவிடுவேன்.

இட்லி மூடி வைத்திருக்கிறேன். சட்னியில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. பிளாஸ்கில் வெந்நீர் இருக்கிறது. ரப்பர் பையில் ஊற்றி இடுப்புக்கு ஒத்தடம் கொடு. தசைதான் பிடித்திருக்கிறது, எந்நேரமும் படுத்திருந்தால் இன்னும் இறுகும் என்றார் டாக்டர். அதனால் அவ்வப்போது நட. கால் மரத்துப்போனால் உடனே போன் செய்.

மீன்காரி வந்தால் வேண்டாம் என்று சொல். சாளையைக் கண்டால் நீ அதைக் கழுவக் குனிந்து உட்கார்ந்துவிடுவாய்.

நேற்று டாக்டர், "குனிஞ்சு என்ன வேலையெல்லாம் செய்வீங்கம்மா?" என்று உன்னிடம்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "வீட்டுல சும்மாதான் இருக்கா" என்றேன். "இருபத்தாறு வருசமா சும்மா இருந்தே இடுப்பு ஒடிஞ்சு போச்சு, பாத்தியளா?" என்று ஆட்டோவில் சொன்னாய். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

இன்று காலையில் முற்றத்தை நான் பெருக்கினேன். மாமரம்வரை போவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மீதி முற்றம் அப்படியே கிடக்கிறது.

முத்துநாயகம்

பி.கு.: வாரியலைத் தேடாதே, ஒளித்து வைத்திருக்கிறேன். டாக்டர் நடக்கத்தான் சொன்னார், பெருக்கச் சொல்லவில்லை.

இன்னொன்று: வெள்ளிக்கிழமை போகும்போது டாக்டர் மறுபடியும் கேட்பார். நீயே பதில் சொல். எவ்வளவு நேரமானாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன்.