நடுவில் விழுந்த ரிங்

பிலாய்
18-7-1983

அன்புள்ள வள்ளி,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் வேண்டும். ஆனால் எனக்கு நலமில்லை. காய்ச்சல் கீய்ச்சல் ஒன்றும் கிடையாது, வயிற்றெரிச்சல்தான்.

தென்னூரிலிருந்து அம்மா எழுதியிருந்தாள். நம் காலேஜ் வாசலில் உன்னைப் பார்த்தாளாம். கூட ஒரு சின்னப் பெண், உன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு. "உன் இடத்துக்கு ஆள் வந்தாச்சு போலிருக்குடி" என்று எதையோ எழுதுகிற மாதிரி எழுதிவிட்டாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பே இல்லை என்றார் இவர்.

யார்டி அவள்? நான் ரயிலேறிப் போன ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் டபுள்ஸுக்கு ஜோடி கிடைத்துவிட்டதா? இரண்டு வருஷம் ரப்பர் ரிங்கை வீசிப் பிடித்துக்கொண்டு டென்னிகாய்ட் வலைக்கு ஒரே பக்கம் நின்றவர்கள் நாம். கல்யாணம் என்று என்னை இழுத்துக்கொண்டு வராமல் இருந்திருந்தால் மூன்றாம் வருஷமும் நின்றிருப்பேன். இடது பக்கம் என்னுடையது. அவளை அங்கே நிறுத்தாதே, சொல்லிவிட்டேன். நடுவில் வரும் ரிங்கை யார் பிடிப்பது என்று நீதானே பேர் சொல்லிக் கத்துவாய்? இப்போது யார் பேரைக் கத்துகிறாய்?

இங்கே கொல்லையில் துணி காயப்போடும் கொடிதான் எனக்கு வலை. ரிங்கை அந்தப் பக்கம் வீசிவிட்டு நானே ஓடிப்போய் எடுத்து வருகிறேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் பெண் ஜன்னலில் நின்று பார்க்கிறாள். மதராஸிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

உடனே பதில் போடு.

உன்
லூர்து


திருச்சி, ஹாஸ்டல்
2-8-1983

அன்புள்ள லூர்துவுக்கு வள்ளிக்கண்ணு எழுதுவது.

முதலில் உன் அம்மாவிடம் சண்டை போடவேண்டும். தோளில் கையைப் போட்டால் உடனே பிலாய்க்குத் தந்தி அடித்துவிடுவார்களா?

அவள் பேர் ரோசரி. பொன்மலைப் பெண், பி.காம். முதல் வருஷம். நானாகத் தேடிப் போகவில்லையடி. பி.டி. மிஸ் அழகம்மாள்தான் எங்களைச் சேர்த்து ஆடச் சொன்னார். நல்ல கை, ரிங் துளிக்கூட ஆடாமல் போகும். இடது பக்கம்தான் நிற்கிறாள். அவள் இடது கைக்காரி, வேறு எங்கே நிறுத்துவது? மற்றபடி வாயாடி. நான் ஒளித்து வைத்த வேர்க்கடலையை முழுக்கத் தின்றுவிட்டு 'அக்கா, எலி' என்கிறாள். உனக்கு அவளைப் பிடிக்கும். இல்லை, பிடிக்காது, தெரியும்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். முசிறியில் உரக்கடை வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்து என்னைக் கேட்டு வந்திருக்கிறார்கள். எல்லாம் உன்னால் வந்தது. "ஒங்கூட ஆடுன புள்ளையே கல்யாணம் கட்டிக்கிட்டு வடக்கே போயிடுச்சு. நீ மட்டும் வளையத்தை வீசிக்கிட்டு இருந்தா எப்படிம்மா?" என்கிறார் அப்பா. அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் ஒரு வார்த்தை வாங்கினேன். "யுனிவர்சிட்டி டீமுல ஒன்னை எடுத்தாங்கன்னா நீ மேல படி, நான் வாயைத் தொறக்கலை. எடுக்கலைன்னா தை மாசம் முடிச்சிடுவோம்."

சிங்கிள்ஸில் என் லட்சணம் உனக்குத் தெரியும். டபுள்ஸில்தான் என்னை எடுப்பார்கள், அதற்கு ரோசரி வேண்டும். கோபப்படாதே. காலேஜ் டீம் போட்டோ ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், பார்.

உன்
வள்ளி


பிலாய்
6-10-1983

அன்புள்ள வள்ளி,

கோபப்படாதே என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும்தான் கோபம் வந்தது. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. வீம்பு என்று வைத்துக்கொள். முடியவில்லை, எழுதிவிட்டேன்.

உன் கடிதம் முழுக்க அவள்தான். அவள் கை, அவள் வாய், அவள் தின்ற கடலை. என் பேர் உச்சியில் ஒன்று, அதுவும் முகவரி மாதிரி. இடது கைக்காரியாம்! ஆண்டவரே எனக்கு எதிராக அளவெடுத்துச் செய்து அனுப்பியிருக்கிறார். போட்டோவில் அவள்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டுதான் உன்னைப் பார்க்கிறேன். இவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரு இந்தப் பொண்ணு, நல்லாச் சிரிக்குதே" என்றார். ராத்திரிச் சாப்பாட்டை அவரே போட்டுக்கொள்ளும்படி ஆயிற்று.

உன் அப்பாவிடம் சொல், வடக்கே போனவள் அப்படி ஒன்றும் சந்தோஷமாக இல்லை என்று. வேண்டாம், சொல்லாதே. என் அம்மா காதுக்குப் போய்விடும்.

உனக்கு அந்த டீம் கிடைக்கவேண்டும். தினமும் ஜெபம் செய்கிறேன். வள்ளி ஜெயிக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன், அவள் பேரைச் சேர்க்க வாய் வரமாட்டேன் என்கிறது. இரண்டு பேரும் சேர்ந்துதானே ஜெயிக்க முடியும் என்று ஆண்டவர் கேட்டால், அது உங்கள் பாடு என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மெயின்கார்டு கேட்டில் நாம் போகும் கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் ரோஸ்மில்க் குடிக்காதே. வேறு எங்கே வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் குடியுங்கள். என்னை நினைத்துக்கொண்டே ஆடு.

உன், உன்னுடைய மட்டுமே
லூர்து


திருச்சி
15-10-1983

அன்புள்ள லூர்து,

தோற்றுவிட்டோம்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்கூல் மைதானத்தில் ஃபைனல். யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்கும் செலக்டர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்று காலையில்தான் உன் கடிதம் வந்தது. பஸ்ஸில் படித்தேன், காவிரிப் பாலத்தில் இன்னொரு தரம் படித்தேன். ரோசரி எட்டிப் பார்த்தாள், மடித்து வைத்துவிட்டேன்.

ஆளுக்கு ஒரு கேம் எடுத்து, மூன்றாவது கேம் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு ரிங் உயரமாக நடுவில் வந்தது. ரோசரிக்கு ஓர் எட்டு தூரம்தான். நான் வாயைத் திறந்து கத்தினேன். "லூர்து!" என்று கத்தினேன்.

தன் பேர் வராததால் நான்தான் பிடிக்கப்போகிறேன் என்று அவள் ஒதுங்கிவிட்டாள். நான் கையையே நீட்டவில்லையடி. நீ பிடித்துவிடுவாய் என்று நின்றேன். ரிங் எங்கள் இரண்டு பேர் காலுக்கும் நடுவில் விழுந்தது. அதோடு மேட்ச் முடிந்துவிட்டது. ஜெயித்தவர்களுக்கே புரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள், "அக்கா, எம்மேலதான் தப்பு. நீங்க யாரைக் கூப்பிட்டாலும் நான் ஓடியிருக்கணும்" என்றாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மிஸ் செலக்டர்களிடம் மன்றாடியிருக்கிறார். டிசம்பரில் கேம்ப். அங்கே இன்னொரு முறை எங்களைப் பார்ப்பார்களாம். அதுதான் கடைசி.

வள்ளி


பிலாய்
22-10-1983

என் கண்ணு வள்ளி,

நீ அழுதுகொண்டு எழுதியதை நான் சிரித்துக்கொண்டு படித்தேன். மன்னித்துக்கொள். மன்னிக்காவிட்டாலும் சரி, இப்போது என்னை எதுவும் ஒன்றும் செய்யாது.

ஸ்ரீரங்கத்தில், அத்தனை பேர் முன்னால், செலக்டர்கள் முன்னால் என் பேர்! இங்கே என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, தெரியுமா? இவருக்கு நான் 'இந்தா'. பால்காரனுக்கு பாபிஜி, அதாவது அண்ணி. சர்ச்சில் மிஸஸ் சவரிநாதன். லூர்து என்று ஒருத்தி இருந்தாளா என்று எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்திருந்தது. நீ கத்தியது இவ்வளவு தூரம் கேட்டதடி.

சேமியா பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார். "உங்களுக்குச் சொன்னாப் புரியாது, குடிங்க" என்றேன். இரண்டு டம்ளர் குடித்தார்.

தோற்றதில் வருத்தம்தான். ஆனால் யோசித்துப் பார், தோற்றது நீயும் அவளும். நாம் தோற்கவில்லை. என் இடத்தில் யாரை நிறுத்தினாலும் உன் வாய்க்குத் தெரிந்திருக்கிறது. இனி வாரம் தவறாமல் எழுதுகிறேன். என்னை மறக்க விடமாட்டேன்.

உன் வாயில் வந்த
லூர்து


திருச்சி
1-11-1983

லூர்துவுக்கு,

நீ பாயசம் வைத்த வாரத்தில் என் அப்பா ஹாஸ்டலுக்கு வந்தார். தோற்ற செய்தி எப்படியோ ஊருக்குப் போயிருக்கிறது. மடியிலிருந்து மாப்பிள்ளை போட்டோவை எடுத்து விசிட்டர் ரூம் மேஜைமேல் வைத்தார். கேம்ப் இருக்கிறது, அதுவரை பொறுங்கள் என்று காலைப் பிடித்தேன். போட்டோவை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார்.

என் அப்பாவிடம் வாங்கிய வார்த்தையை உனக்கு எழுதியிருந்தேன். உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். பாயசம்தான் இருந்தது. உன்னைப் பிடித்துப் போட்ட மாதிரி என்னையும் பிடித்துப் போடப் பார்க்கிறார்கள், நீ கைதட்டிக்கொண்டிருக்கிறாய்.

கேம்ப் முடியும்வரை எனக்கு எழுதாதே. நீ எழுதினால் படிப்பேன். படித்தால் உன் பேர்தான் வாயில் வரும்.

எனக்கு இதை எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன், தபாலிலும் போடப்போகிறேன்.

வள்ளிக்கண்ணு


திருச்சி
29-12-1983

என் லூர்து,

எடுத்துவிட்டார்கள்! என்னையும் ரோசரியையும் சேர்த்தே. மிஸ் என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு ஆள் அனுப்பினேன். வந்தார், போட்டோவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சொன்னாச் சொன்னதுதான். படி" என்றார். அவ்வளவுதான், பஸ் ஏறிப் போய்விட்டார்.

கேம்ப் முழுக்க நடுவில் வந்த ஒவ்வொரு ரிங்குக்கும் சரியாகக் கூப்பிட்டேன். ஒரு தரம்கூட உன் பேர் வரவில்லை. ஜெயித்த பிறகு அதை நினைத்து பாத்ரூமில் அழுதேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எழுதாதே என்றேன்தான். அதற்காக ஒரு கிறிஸ்துமஸ் கார்டுகூடவா கிடையாது? என்ன அழுத்தம்டி உனக்கு! தினமும் வார்டன் மேஜையில் தபாலைப் புரட்டிவிட்டு வெறுங்கையோடு வருவேன். இனிமேல் எழுது. ரோசரியை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது. நான் தடுக்கமாட்டேன்.

உன்
வள்ளி


பிலாய்
28-1-1984

அன்புள்ள வள்ளி,

ரொம்ப சந்தோஷம். நீ தோற்றபோது உன் அப்பாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதாமல் விட்டது தப்பு. நீ திட்டியதும் சரிதான்.

நீ எழுதாதே என்றதும் கொஞ்ச நாள் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ரிங்கை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கொடிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண் வந்து நின்று, வீசு என்று கையை நீட்டினாள். பேர் ரமாதேவி. விசாகப்பட்டினத்தில் காலேஜ் டீமில் ஆடியவளாம், ஜன்னலில் நின்று பார்த்ததே அதற்குத்தான். கேட்டிருந்தால் அப்போதே வந்திருப்பாளாம். இப்போது லேடீஸ் கிளப்பில் கோர்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், நாங்கள் டபுள்ஸ் ஆடுகிறோம். தெலுங்கு கொஞ்சம் வருகிறது.

ரோசரி நல்ல பெண் என்று தெரிகிறது. அவளைக் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் நன்றாக ஆடுங்கள்.

இன்னும் எழுதலாம், கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது. ரமா வாசலில் நின்று கூப்பிடுகிறாள்.

அன்புடன்
லூர்துராணி


திருச்சி
6-2-1984

லூர்து,

உன் இன்லண்ட் லெட்டர் வந்தது. பாதிக்கு மேல் வெறும் நீலம். மூன்று மாசம் கழித்து எழுதுகிறவளுக்கு ஒரு பக்கம் நிரப்பச் சேதி இல்லை.

ரோசரியைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். நல்ல பெண்ணாம்! உன்னிடம் யார் அவளுக்கு சர்டிபிகேட் கேட்டது? அவளிடம் படித்துக் காட்டினேன். "அக்கா, அவங்களுக்கு எம்மேல கோபம் போயிடுச்சா?" என்று குதித்தாள். அவள் குதித்ததைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன ஏது என்று தெரியாமல் அந்தப் பெண் எனக்குக் காபி வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனாள்.

யார்டி அந்த ரமாதேவி? கடிதத்தில் பாதிவரைக்கும் ரமாதேவி, முடிக்கும்போது ரமா. தேவி எங்கே போனாள்? அவள் வாசலில் நின்று கூப்பிட்டால் எனக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு ஓடுவாயா? அவளுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம், வயசு என்ன, உன்னைவிட நன்றாக ஆடுவாளா, எல்லாம் எழுது. அவளுக்குப் பாயசம் வைத்துக் கொடுத்தாயா என்பதையும் எழுது. இல்லை, அதை மட்டும் எழுதாதே.

நான்தான் எழுதாதே என்றேன். தெரியும். அந்தக் கடிதத்தை தபால்பெட்டியில் போட்ட கையை வெட்டிக்கொள்ள முடியாது, அதே கையால்தான் ஆடவேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் பெங்களூரில் எல்லா யுனிவர்சிட்டிக்கும் மேட்ச். அங்கே வாய் தவறிவிடுமோ என்று ரோசரிக்கு பயம். எனக்கு அந்த பயம் போய்விட்டது. அது போனதுதான் பயமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் போடு. அங்கே நடுவில் வரும் ரிங்குக்கு யார் கூப்பிடுவது, நீயா? அப்படியானால் அவளைக் கூப்பிடப் போய் ஒரு தரமாவது 'வள்ளி' என்று கத்தினாயா?

கத்தவில்லை என்றால், கத்தினேன் என்று பொய்யாவது எழுது.

உன்
வள்ளி