ஆளிருந்தும் ஆளில்லாத ஒபிஸ்

அண்ணை,

விம்பிள்டனில் மரக்கறி வாங்கப் போன கடையில் உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலரை அடுக்கி வைத்திருந்தார்கள். படத்தின் கீழே, ‘கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தவர்’ என்று அச்சடித்திருந்தது. நான் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் திடுக்கிட்டுப் போனார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு கடைக்கு மேலே இருந்த உங்கள் மொழிபெயர்ப்பு ஒபிசில் நான் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கே இருந்தது நீங்களும் நானும் மட்டும்தான். ஆனால் நீங்கள் வாங்கி வந்த ஆன்சரிங் மெஷினைக் கேட்டால் ஒரு மாடி நிறைய ஆட்கள் இருப்பதாகத் தோன்றும். அலுவலர்கள் அனைவரும் வெளியே சென்றிருப்பதாகத் தொடங்கி, உங்கள் சேவைகள் அத்தனையையும் ஆங்கிலத்தில் முழுதாக ஒரு நிமிடம் ஒப்புவிப்பீர்கள். அதைப் பதிவு செய்யவென்றே அன்று டை கட்டி வந்தீர்கள்.

ஆளில்லாத நேரத்துக்கு வாங்கிய மெஷினை ஆளிருக்கும்போதே போட்டுவிட்டு, யார் பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்பீர்கள். வெள்ளைக்காரச் சட்டத்தரணி என்றால் பாய்ந்து எடுப்பீர்கள். தமிழ்க் குரல் என்றால் உங்களுக்கு ஒரு வசனம் இருந்தது. “எங்கட சனம்தானே, திருப்பி எடுக்கும்.”

ஒரு மத்தியானம் நீங்கள் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் போன் செய்தாள்.

“அண்ணை, முந்தி ஒருக்கா பிளேஸ்டோவில இருந்து உங்களிட்ட வந்தனான். இவரை ஆஸ்பத்திரியில...”

அறுந்துவிட்டது. சற்றுப் பொறுத்து மறுபடியும்.

“காசு போட்டுக் கதைக்கிறன், அண்ணை. டொக்டர்மார் என்னவோ கேக்கினம், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை...”

அவள் பொதுத் தொலைபேசியில் போட்ட காசையெல்லாம் உங்கள் ஆங்கிலம் தின்று முடித்திருந்தது. நான் போனைப் பார்த்தேன். நீங்கள் இடது கையை அதன் மேல் வைத்தீர்கள்.

“விடும், தங்கச்சி. இப்ப நாங்கள் ஒபிசில இல்லை.”

சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினீர்கள். அண்ணை, எத்தனையோ மோசமான மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு மலிவான ஒருவரைப் பார்த்ததில்லை.

மூன்றாம் தரம் அழுகை மட்டும்தான் கேட்டது. உங்கள் கையைத் தட்டிவிட்டு எடுத்தேன்.

“அக்கா, அழாதேங்கோ. எந்த ஆஸ்பத்திரி?”

சொல்லி முடித்ததும் அறுந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு நான் படியிறங்கியபோது பின்னால் நீங்கள் கத்தியது கேட்டது.

அவளுடைய கணவர் பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்தவர். வயிற்றுப் புண் வெடித்திருந்தது. ஏதாவது மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாதா என்பதைத்தான் டாக்டர்கள் அத்தனை நேரமும் கேட்டிருக்கிறார்கள். “பென்சிலின் குத்தி ஒருக்கா மூச்சு நிண்டது” என்றாள். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் நர்ஸ் அவசரமாகக் குறித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அவர் பிழைத்தார்.

அடுத்த நாள் நீங்கள் கேட்டீர்கள்.

“வேலை நேரத்தில ஆரைக் கேட்டுப் போனனீர்?”

“ஒபிசில ஒருத்தரும் இல்லைத்தானே, அண்ணை. ஆரைக் கேக்கிறது?”

கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தவள்தான். பிறகு அந்தப் படி ஏறவில்லை.

இந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் உங்களைத் திட்டுவார்கள், எனக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் ஒன்றை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஒப்பரேஷன் முடியும் வரை அந்தப் பெண்ணும் நானும் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“முந்தி ரெண்டு தரம் எடுத்தனான், தங்கச்சி. அப்ப ஒருத்தரும் இல்லைப் போல?”

அந்த இரண்டு தரமும் நான் போனிலிருந்து ஒரு முழத் தூரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தவள்.

“ஓம் அக்கா,” என்றேன். “ஒருத்தரும் இருக்கேல்லை.”