சுரண்டி எடுத்த பெயர்

கிறிஸ்துவுக்குள் அன்புள்ள சகோதரி ரோத்லிந்தாவுக்கு, மடத்திலிருந்து அல்தில்டா வணக்கத்துடன் எழுதுவது.

ஆற்றங்கரைப் பண்ணையில் நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள்? கம்பளி அலசி அலசி உன் விரல்கள் வெடித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். இங்கே எல்லோரும் சுகம். எழுத்தறையில் உன் ஜன்னலோர இடத்தில் இப்போது நான் உட்காருகிறேன். நல்ல வெளிச்சம். அதைச் சொல்லவே கூசுகிறது.

இரண்டு வருடம் எழுதாமல் இருந்ததற்குச் சாக்கு எதுவும் சொல்ல மாட்டேன். நாம் நகலெடுத்த வேதாகமச் சங்கீத உரைப் புத்தகத்தின் ஓரத்தில், ‘தாயார் தட்டில் விலாங்கு, எங்கள் தட்டில் முள்’ என்று மையில்லாமல் ஊசியால் கீறியது நான்தான். புத்தகம் முழுக்க ஒரே கையாகத் தெரிய வேண்டும் என்று எங்கள் எல்லோரையும் உன் எழுத்தைப் பார்த்துப் பழகச் சொன்னார்கள் அல்லவா? விளையாட்டாகக் கீறும்போதும் கை அப்படியே ஓடிவிட்டது. மடத்துத் தலைவியான தாயார் அதைப் பார்த்ததும், "ரோத்லிந்தா வேலைதான் இது. எழுத்துக்கு இப்படிக் கொம்பு வைக்க வேற யாருக்கு வரும்?" என்றார். நீ என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய். நானும் குனிந்துகொண்டேன்.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அதற்காக உன்னைப் பண்ணைக்கு அனுப்பிய மறுநாள், நீ எழுதிய ஒவ்வொரு தாள்கட்டின் கடைசியிலும் இருந்த உன் பெயரைச் சுரண்டச் சொன்னார்கள். கத்தி பிடித்தது நான். அந்த இடத்தில் என் பெயரை எழுதச் சொன்னார்கள், எழுதினேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. கடவுள் மன்னிக்கட்டும்.

இப்போது ஆயரின் எழுத்தர் வுல்ஃப்ராம் வந்திருக்கிறார். புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "யாரும்மா இந்த அல்தில்டா? நாலு சுவிசேஷத்தையும் இந்தக் கைதான் எழுதணும்னு ஆயர் ஆசைப்படுறாரு" என்றார். தாயார் என்னை முன்னால் தள்ளி, "இவதான். ரொம்பக் கூச்சப்படுவா" என்றார். உட்கார்ந்தால் உன்னைப் போலவே எழுதிவிடுவேன், ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

அவரிடம் உண்மையைச் சொல்ல இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் மை தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நாளை அவர் உன் பண்ணைத் துறையில்தான் படகேறுகிறார். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவரும் அவரே. நீ படித்ததும், அவரும் படிக்கட்டும் என்று அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு. நீ அடுப்பில் போடத்தான் பார்ப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இன்னொரு முறை என்னைக் காப்பாற்றிவிடாதே.

சகோதரி என்று போட்டுக்கொள்ளத் தகுதியில்லாத,
அல்தில்டா