தக்காளிச் செடியின் போர்வை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? லூசியானாவில் இன்னும் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். இங்கே வெர்மான்ட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை, கவலைப்படாதீர்கள்.

போன வாரம் வீட்டுக்கார அம்மா வினிஃபிரெட், தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது கனத்த போர்வை ஒன்றைக் கொடுத்தார். "இன்னைக்கு ராத்திரி உறைபனி விழும், தம்பி. தக்காளிச் செடி மேல போர்த்திடு."

"செப்டம்பர்லயே பனியா? இன்னும் கோடைதாங்க" என்று அரைக்கால் சட்டையோடு நின்று சிரித்தேன். இருட்டியதும் எனக்கே குளிர் தாங்கவில்லை. அந்தப் போர்வையை நானே போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன்.

காலையில் செடிகளெல்லாம் கறுத்துத் தொங்கின. திரும்பி வந்தவர் என் தோளில் கிடந்த போர்வையைப் பார்த்தார்.

"கோடைன்னு சொன்னியே, உனக்கு மட்டும் எப்படிக் குளிருச்சு?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, அம்மா. துவைத்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "போர்த்தறதுக்குச் செடி ஏது இனிமே? நீயே வச்சுக்க" என்றார்.

நான் வேண்டாமென்று அங்கேயே விட்டுவந்த அப்பாவின் கம்பளிக் கோட்டை அனுப்பிவையுங்கள். கூடவே நம் வீட்டுப் போர்வை ஒன்றும் வேண்டும். அவர் கொடுத்த இந்தப் போர்வையைப் போர்த்தினால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்,
ஓடெல்