யானை நிழலும் எம் தலைப்பாகையும்

வளம் நிறைக. பருவத்தில் மழை பெய்க. கொன்றைவள நாட்டு மாமன்னர் நெடுங்கொன்றையர் திருமுன் நிற்கும் பேரமைச்சனும், அரச முத்திரை காப்போனும், வழக்கறி மன்றத்து மூத்தோனுமாகிய நாகங்குடி அருவந்தை, ஓமையூர்க் கூற்றத்தைக் காத்து நிற்கும் பெருந்தகை மதிச்சாத்தருக்கு விடுக்கும் ஓலை. உம் ஏரிகள் நிரம்பிக் கடைமடை வரை நீர் பாய்க. உம் இல்லத்தார் நோயின்றி வாழ்க. சென்ற திங்கள் நீர் அனுப்பிய பலாப்பழங்கள் நலமே வந்து சேர்ந்தன; அரண்மனை எங்கும் மணந்தன; தீர்ந்தும் போயின.

இனிச் செய்தி. அரண்மனையில் பாவைக்கூத்து ஆடிய கொற்றி என்பாள் பேரமைச்சனாகிய நம்மை எள்ளி ஆடினாள் என்று கேள்வியுற்று, ஊர் திரும்பும் வழியில் அவளையும் அவள் குழுவினரையும் நிறுத்தி வைத்து, பாவைப் பெட்டியையும் பறித்துப் பூட்டி, நம் மானத்தைக் காத்துவிட்டதாக எழுதியிருந்தீர். உம் அன்பு பெரிது. உம் அவசரம் அதனினும் பெரிது. யாரைக் கேட்டு இதைச் செய்தீர் என்று சினந்து எழுதவே எழுத்தாணியை எடுத்தோம்; எடுத்த பின் சிரிப்பு வந்துவிட்டது. ஆகவே நடந்ததை முதலிலிருந்து உரைக்கிறோம், பொறுமையாகப் படியும்.

நம் நாட்டு ஒருபாய் வழக்கம் உம் கூற்றத்தில் அருகிவிட்டது என்பதால் நினைவூட்டுகிறோம். பிள்ளைகளை உடைய இரு வீட்டார் மணத்தால் ஒரு வீட்டாராக விழைந்தால், மணநாளுக்கு முன்பு இரு வீட்டுப் பெரியவரும் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து ஒரு கூத்தை முழுவதும் காண வேண்டும். விளக்கு அணையும் முன் ஒருவர் எழுந்தாலும், ஒருவர் உறங்கினாலும், மணம் அடுத்த அறுவடைக்குத் தள்ளிப்போகும். மறுமுறையும் தவறினால் பிறகு அந்தப் பேச்சே கிடையாது.

மனைவியை இழந்த நம் மன்னரும், கணவரை இழந்த தாழைத்துறை அரசி எழினியாரும் சென்ற ஆண்டே பாயில் அமர்ந்தார்கள். அவைப் புலவர்கள் பெருமையாகத் தேர்ந்த போர்க்களக் கூத்து. முதல் அம்பு பாயுமுன்னே அரசியின் தந்தையார் பெரியவேள் குறட்டை விட்டார். மன்னரின் ஐந்து வயது மகன் கண்டீரன் பல்லி ஒன்றைத் துரத்திக்கொண்டு பாயைத் தாண்டி ஓடினான். மன்னர் அன்று உணவு கொள்ளவில்லை. எதிரிப் படை எல்லையில் நின்றபோதும் வயிறார உண்டவர் அவர்.

இவ்வாண்டு கூத்தைத் தேரும் பொறுப்பை நம் தலையில் கட்டினார்கள். அதுவும் எப்படிப்பட்ட வேளையில் தெரியுமா? அரசியின் மகள் நறுங்கோதை, பதினான்கு வயதுப் பெண், தனக்கு இன்னொரு தந்தை வேண்டாம் என்றும், பாயில் அமர்ந்தாலும் பாதியில் எழுந்துவிடப் போவதாகவும், அதன்பின் அவரவர் விருப்பம் போல் அழுதுகொள்ளலாம் என்றும் தாயின் முகத்துக்கு நேரே அறிவித்திருந்த வேளையில். சொன்னதைச் செய்யும் பெண் என்று அரசியே நமக்கு எழுதினார். அந்த ஓலையில் வேறு செய்தி எதுவும் இல்லை.

பெரியவரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழும் ஒரு கூத்தைத் தேர்வது எளிது என்று எண்ணாதீர். ஒத்திகைக்காக அவையோரையும் அவர்தம் பிள்ளைகளையும் கூட்டி, பாவைக்கூத்துக் குழுக்களை அழைத்து ஆடச் சொன்னோம். மூன்று அரசியரின் சபதம் என்றொரு கூத்தில் பெரியவர்கள் விம்மி அழுதார்கள். பிள்ளைகள் பசிக்கிறது என்றார்கள். வெல்லம் திருடிய அணில் என்றொரு கூத்தில் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். கருவூல அதிகாரி தம் நகங்களை ஆராய்ந்துவிட்டு, அவசர வேலை நினைவு வந்ததாகக் கூறி நழுவினார். நாமோ அறிவாளி அல்லவா, இரண்டையும் அரிந்து, ஒரு காட்சி சபதம், ஒரு காட்சி அணில் என்று மாற்றி மாற்றி ஆடப் பணித்தோம். அணில் வந்தபோது பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அணில் போனபோது பிள்ளைகள் ஊளையிட்டார்கள். ஆட்டுவிப்போர் குழம்பிப்போய், அழுதுகொண்டிருந்த மூத்த அரசியின் கூந்தலிலேயே அணிலை ஏற்றிவிட்டார்கள். அன்று நமக்கு வந்த தலைவலி இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அதன்பின் உம் ஊர்க் கொற்றி வந்தாள். அவள் கதை சிறியது. பட்டத்து யானை நண்பகலில் பெருவழியின் நடுவே நின்றுவிடுகிறது, நகர மறுக்கிறது. வழுக்கைத் தலையின் உச்சியில் ஒற்றைக் கற்றை மயிர் நட்டுக்கொண்டு நிற்கும் அமைச்சர் ஒருவர் அதை நகர்த்த வருகிறார். யானைக்கு ஆணை படிக்கிறார். அதன் முன்னோர் பெருமையைச் சொல்கிறார். தும்பிக்கையால் தூக்கப்பட்டுக் குளத்தில் விழுந்தும், தம் சொற்களை முடித்த பிறகே மூழ்குகிறார். இறுதியில்தான் தெரிகிறது, யானையின் நிழலில் ஒரு பூனை குட்டிகளை ஈன்று கிடக்கிறது. நகர்ந்தால் குட்டிகள் மேல் வெயில் விழும். பொழுது சாய்ந்ததும் யானை தானே நடந்து போகிறது.

அந்த அமைச்சப் பாவை நம்மைப் போலவே இழுத்து இழுத்துப் பேசுவதை அவை முழுவதும் உணர்ந்தது. நமக்குச் சுர்ரென்று ஏறியது. கூத்தை நிறுத்தச் சொல்லத் திரும்பினோம். அங்கே கருவூல அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார், அவர் மடியில் அவருடைய சின்ன மகளும் அதே இடத்தில் குலுங்குகிறாள். பிற கூத்துகளில் பெரியவர் சிரித்த இடம் வேறு, பிள்ளைகள் சிரித்த இடம் வேறு. இங்கே இரண்டும் ஒன்றாக இருந்தன. சினத்தை விழுங்கிக்கொண்டு, இதுவே கூத்து என்று ஓலை எழுதினோம்.

குறித்த நாளில், விளக்கேற்றும் பொழுதில், பாய் விரிக்கப்பட்டது. வழக்கின்படி, எழுபவரையும் உறங்குபவரையும் கண்டு சொல்ல, நாம் பாயின் முன்விளிம்பை ஒட்டி வெளியே அமர்ந்தோம். பெரியவேள் விழித்திருந்தார். நறுங்கோதை பாயின் ஓரத்தில், எழுவதற்கு வசதியாகவே, ஒரு முழங்காலை ஊன்றி அமர்ந்திருந்தாள். அமைச்சப் பாவை ஆணை படிக்கத் தொடங்கியதும், சொன்னபடியே, அவள் எழத் தொடங்கினாள். அரசி கண்களை மூடிக்கொண்டார்.

அவ்வேளையில் கண்டீரன் அவள் மேலாடையைப் பற்றி இழுத்து, அவன் சொன்னபடியே எழுதுகிறோம், "அக்கா, உனக்கும் தெரியலையா? அமைச்சர் மாமா தலைப்பாகை யானையை மறைக்குது" என்று ஊரறியக் கூவினான். நாம் பதறிப்போய், எண்ணிப் பாராமல், தலைப்பாகையைக் கழற்றிவிட்டோம்.

மதிச்சாத்தரே, நம் தலையை இருபது ஆண்டுகளாக ஒருவரும் கண்டதில்லை. அதன் உச்சியில் ஒற்றைக் கற்றை மயிர் உண்டு. திரையில் ஒரு தலை, திரைக்கு முன்னே அதே தலை. பெரியவேள் தொடை தட்டிச் சிரித்தார், மன்னர் கண்ணீர் வரச் சிரித்தார், கண்டீரன் பாயில் புரண்டான். நறுங்கோதை சிரிப்புத் தாளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பொத்தென்று பாயிலேயே விழுந்தாள். விளக்கு அணையும் வரை எவரும் எழவில்லை. கொற்றி நம் தலையைக் கண்டு எள்ளவில்லை என்பது இப்போது விளங்குகிறதா? திரைக்குப் பின்னிருந்த அவளுக்கு என்ன சிரிப்பு என்றே தெரியவில்லை.

கூத்து முடிந்ததும் நறுங்கோதை, தான் எழவே வந்ததாகவும், எழ மறந்துபோனதாகவும் ஒளிக்காமல் கூறினாள். பிறகு, அந்தக் குட்டிகள் யானையின் குட்டிகள் அல்லவே, அது ஏன் நின்றது என்று வினவினாள். மன்னரை நோக்கித்தான் வினவினாள். அவர் வாய் திறக்குமுன் கண்டீரனே விடை சொன்னான்: "அதுக்கு நிழல் பெருசு, அதான்." அவள் அவனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அவள் பாதி எழுந்தது எழுந்ததாகாதோ என்று புலவர் சிலர் வழக்கெடுத்தார்கள். பேரமைச்சரின் தலைப்பாகை மறைத்தமையால் யானையை நன்கு காண எம்பினாள், எழவில்லை என்று மன்றத்து மூத்தோனாகத் தீர்ப்பு வழங்கினோம். மணம் வருகிற முழுநிலவு நாளில்.

ஆகவே ஆணை. இவ்வோலை கண்ட அன்றே கொற்றியின் பெட்டியைத் திறந்து கொடுத்து, அவள் குழுவினருக்கு விருந்திட்டு, நல்ல வண்டிகளில் தலைநகருக்கு அனுப்புக. மணநாளில் யானைக் கூத்தை மீண்டும் ஆட வேண்டும் என்பது இளவரசியின் விருப்பம். உம் காவலர் அமைச்சப் பாவையின் ஒற்றைக் கற்றையைப் பிய்த்துவிட்டதாக அறிகிறோம். அதை முன்போலவே ஒட்டித் தருக; ஒரு மயிரும் குறையலாகாது.

அரச முத்திரை இட்டோம். முத்திரை இடும்போது தலைப்பாகை அணிவது மரபு; இம்முறை அணியவில்லை, பொறுத்தருள்க. அதை நறுங்கோதையும் கண்டீரனும் எடுத்துச் சென்று, மடைப்பள்ளிப் பூனைக்கும் குட்டிகளுக்கும் படுக்கையாக்கிவிட்டார்கள். கேட்டுப் பார்த்தோம். குட்டிகள் உறங்குகின்றன, எடுக்கலாகாது என்று இருவரும் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள்.