பெயர் சொல்லி ஒரு மன்றாட்டு

கார்த்திகை 12, புதன்
வாடைக் காற்று. கடலுக்கு ஒருவரும் போகவில்லை. மீன் இல்லை, முட்டைக் குழம்பு. செய்ய வேண்டியது: ஐந்தாம் வகுப்புப் பரீட்சைத் தாள், காஸ் சிலிண்டர், ஞாயிறு பூசையில் வாசிக்கும் மன்றாட்டை எழுதுவது (இந்த மாதமும் என் தலையில்தான்).

பள்ளி இடைவேளையில் தங்கை செல்வி போன் எடுத்தாள். பாஸ்டர் சாமுவேலைக் கட்டித் தெற்கே போய் ஆறு வருடம். வீட்டு முன்னறைதான் சபை. நேற்று ஜெபத்தின் நடுவில் ஒரு கூட்டம் புகுந்து கதிரைகளை உடைத்து, வேதாகமங்களை முற்றத்தில் கொளுத்தி, சாமுவேலின் தலையிலும் அடித்திருக்கிறது. தையல் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஊரை விட்டுப் போக ஞாயிறுவரை தவணையாம்.

"நாங்கள் போகமாட்டம் அக்கா. எங்களுக்காகச் செபியுங்கோ. பேர் சொல்லிச் செபியுங்கோ."

கா. 13, வியாழன்
சொந்தக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பாரிஸ், லண்டன், ரொறன்ரோ எல்லாம் சேர்த்து முப்பது பேர். கும்பிட்ட கை ஒன்பது. கேள்வி ஒன்றுகூட இல்லை. பிறகு மச்சாள் பிறந்தநாள் கேக் படம் போட்டாள், இதயங்கள் கொட்டின.

பாரிஸ் அண்ணைக்குத் தனியாக எழுதினேன். அங்கே தமிழ்ப் பூசையில் சொல்லும்படி, யாராவது பெரிய ஆட்களுக்கு எழுதும்படி. பதில் குரல் பதிவில்:

"அவள் எங்கட கோயிலை விட்டிட்டு அல்லேலூயாக்காரரோட போனவள். இங்க பூசையில அதைச் சொல்ல ஏலாது. அரசியல் எண்டு சொல்லுவினம்."

சரியான கோபம். கொளுத்தினவன் எந்தச் சபை என்று கேட்டா கொளுத்தினான்? பரீட்சைத் தாள் தொடவில்லை.

கா. 14, வெள்ளி
மழை. மன்றாட்டுக் கொப்பி. எழுதியது: "உலகெங்கும் விசுவாசத்துக்காகத் துன்புறும் அனைவருக்காகவும்..." பழைய பக்கங்களைப் புரட்டினேன். போன வருடமும் அதே வரி, முந்திய வருடமும். எங்கோ ஒரு நாட்டில் கோயிலுக்குள் வைத்துச் சனத்தைச் சுட்டபோதும் இதைத்தான் எழுதியிருக்கிறேன். செத்தவர்களில் ஒருவருடைய பெயரைக்கூடத் தேடவில்லை.

அண்ணையைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை. செல்வியின் கலியாணத்துக்கும் நான் போகவில்லை. வெட்கமாக இருக்கிறது. வரியை வெட்டினேன்.

கா. 15, சனி
காஸ் கிடைத்தது. புது மன்றாட்டை ஃபாதரிடம் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். சனம் முறைப்பாடு சொல்லும் என்றார். சொல்லட்டும் என்றேன். பேனையை எடுத்தார், வெட்டப் போகிறார் என்று நினைத்தேன். 'செல்வி' என்பதற்கு முன்னால் 'மரிய' என்று சேர்த்தார்.

"இந்தக் கோயில்லதானே அவவுக்கு ஞானஸ்நானம் குடுத்தது."

கா. 16, ஞாயிறு
மழை விட்டது. பூசை வழமைபோல முகநூலில் போனது, வெளிநாட்டார் பார்ப்பதற்கு. என் முறை வந்ததும் வாசித்தேன். மரிய செல்விக்காக, சாமுவேலுக்காக, அவர்கள் வீட்டில் கூடும் எல்லாருக்காகவும். முதலில் பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் மட்டும், அதன் பிறகு எல்லாரும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

செல்வி எடுத்தாள். கதவைச் சாத்தி ஜெபம் நடந்ததாம். மூன்று பேர்தான் வந்தார்கள். அடித்த கூட்டம் இன்னும் வரவில்லை.

பின்னேரம் அண்ணை எடுத்தார்.

"ஏன் பேர் சொன்னனீ? இங்க எல்லாரும் பாத்தவை."

பார்க்கட்டும் என்றுதான் சொன்னேன் என்றேன். கோபத்தில் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அவருக்கு எத்தனை தையல்?" என்று கேட்டார்.